அந்த இரண்டு கட்டங்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அறைச் சுவரில் தொங்கும் கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு கட்டங்கள் உடற்கல்விக்கு இருக்கும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஏழாவது அல்லது எட்டாவது பாடவேளையாக இருக்கும். ஜூன் மாதத்தில் அந்தக் கட்டங்களை நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணித ஆசிரியர் வந்து நிற்பார். “இந்த வாரம் மட்டும் பி.டி. பீரியடைக் கொடுங்கள், இயற்கணிதம் முடியவில்லை.” அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் யாரும் வந்து கேட்பதும் இல்லை, தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொங்கலோடு அந்தக் கட்டங்கள் சுவரில் மட்டும்தான் இருக்கும்.

நான் 29 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்டவர்களுக்கெல்லாம் என் பாடவேளையைக் கடனாகக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. 2024-ஆம் ஆண்டு குழந்தைகள் தின விழாவில் அன்றைய துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலினே உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அரங்கம் கைதட்டியது, பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் கால அட்டவணை மேடையில் எழுதப்படுவதில்லை, உங்கள் மேசையில்தான் எழுதப்படுகிறது. அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கோ இயக்குநருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளின் உடல்திறன் குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பள்ளி உடற்கல்வியால் மீட்க முடியுமா? பல ஆண்டுகளாக என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. இப்போது நடக்கும் விதத்தில் முடியாது என்பதே என் நேர்மையான பதில். வேறு விதமாக நடத்தினால் முடியும். அந்த வேறு விதத்தைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

முதலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் 600 மீட்டர் ஓடவிடுவேன். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 200 மீட்டர் ஓடுதளம் போட்டிருப்போம், அதில் மூன்று சுற்று. கடைசியாக வரும் பிள்ளையும் ஓடித்தான் வரும். மூச்சு வாங்கும், முகம் சிவக்கும், ஆனால் நிற்காது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே மூன்று சுற்றில், இரண்டாவது சுற்றின் வளைவிலேயே வகுப்பில் பாதிப்பேர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். குதிகால் தரையில் படும்படி குந்தி உட்காரச் சொன்னால் பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் கால் தரைக்கு வந்துவிடுகிறது. நொண்டி ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பருத்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒல்லியாக, ‘நறுக்கென்று’ இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். ஒல்லி என்றால் ஆரோக்கியம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதற்கு நேர்மாறானது. இந்தியக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே எடை குறைவு, தசை குறைவு, ஆனால் உடலுக்குள் கொழுப்பின் பங்கு அதிகம். பார்வைக்கு மெலிந்த அந்த உடம்பு அசையாமல் வளர்ந்தால் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்கள் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருக்கிறார்கள். அந்தத் தாய்மார்கள் அனைவரும் ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிராண்ட் டாம்கின்சன் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். 28 நாடுகளில் 1964 முதல் 2010 வரை சுமார் 2.5 கோடிப் பிள்ளைகளிடம் எடுத்த ஓட்டச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஒரு மைல் தூரத்தை ஓடி முடிக்க இன்றைய பிள்ளைகளுக்கு அவர்களின் பெற்றோருக்கு அதே வயதில் ஆனதைவிட ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டினார்கள். 2016 நிலவரப்படி நூற்றுக்கு 81 பேர் தேவையான அளவு உடலை அசைப்பதில்லை. இந்தியாவில் அது ஏறத்தாழ 74. உலகக் கணக்கைவிட நாம் கொஞ்சம் மேல் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். நான்கில் மூன்று பிள்ளைகள் என்பதுதான் அதன் பொருள்.

காரணங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளை இப்போது வேனில் வருகிறது, அல்லது அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வருகிறது. தெருவில் பாண்டி ஆடக் கட்டம் கிழித்தால் அதன்மேல் பைக் ஏறிப் போகிறது. ஊர்ப் பொதுவில் கிடந்த திடலுக்குக் கம்பி வேலி வந்துவிட்டது. நாலரைக்குப் பள்ளி விட்டால் ஐந்தரைக்கு டியூஷன், எட்டு மணிக்கு வீடு, அதன்பின் கைபேசி. நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஓடித் திரிய வேண்டிய வயதில் பத்தொன்பது மாதங்கள் சுவருக்குள் கழிந்தன. அந்தப் பிள்ளைகள்தாம் இப்போது உங்கள் பள்ளியில் படிக்கிறார்கள்.

இனி என் தரப்புக் குற்றத்துக்கு வருகிறேன். பாடவேளையைத் திருப்பிக் கேட்கும் முன், அதை வைத்து நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஐம்பது பிள்ளைகள், ஒரு வாலிபால். அதுதான் பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை. பன்னிரண்டு பேர் ஆடுவார்கள், முப்பத்தெட்டுப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே நன்றாக ஓடத் தெரிந்தவர்கள். மூச்சு வாங்கும் பிள்ளை, பந்து முகத்தில் படும் என்று பயப்படும் பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை எல்லாம் மரத்தடியில். யாருக்கு உடற்கல்வி மிகவும் தேவையோ அவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள், பிறகு பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள். அணிப் பிள்ளைகள் முப்பது பேருக்காக என் உழைப்பு முழுவதும் போனது. மீதி எழுநூறு பிள்ளைகளுக்கு நான் விசில் ஊதும் ஒரு உருவம், அவ்வளவுதான். கோப்பை வாங்கி வந்தபோது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வியர்க்க ஓடினார்கள் என்று எந்தத் தலைமை ஆசிரியரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பேன்.

கோப்பைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திறமை உள்ள ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் கிடைத்ததைக் கண்டு கண்ணீர் விட்டவள் நான். ஆனால் அணி தயாரிப்பது வேறு வேலை. அதைக் காலையிலும் மாலையிலும் செய்ய வேண்டும். பாடவேளை வகுப்பில் உள்ள கடைசிப் பிள்ளைக்குச் சொந்தமானது.

சரி, அந்த இரண்டு பாடவேளைகளையும் முழுமையாக, ஒழுங்காக நடத்தினால் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். நம்மிடம் இருப்பது 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டு. மாடியிலிருந்து இறங்கி வரிசையில் நின்று, வருகையைச் சரிபார்த்து, முடிவில் தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்பும் நேரம் போக, நல்ல ஆசிரியர் கையில் பாதி நேரம் அசைவு கிடைக்கும். 420-க்கு 40. பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு அது. மூன்று பள்ளிகள். ஒன்றில் வாரத்துக்கு 9 மணி நேரம் உடற்கல்வி, மற்ற இரண்டில் இரண்டு மணி நேரம் அளவுதான். பிள்ளைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தால், வாரக் கணக்கில் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் அசைந்திருக்கிறார்கள். பள்ளியில் குறைவாக விளையாடிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதை ஈடுகட்டிவிட்டார்கள். உடற்கல்வியால் பயனில்லை என்று வாதிட விரும்புகிறவர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். ஆனால் அந்த ஆய்வின் உள்ளே இருப்பதை நம் ஊர்க் கண்ணோடு பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஈடுகட்ட ஒரு மாலைப்பொழுது இருந்தது. நம் பத்தாம் வகுப்பு மாணவிக்கு அது எங்கே இருக்கிறது? அவளுடைய மாலையை டியூஷனும் வீட்டு வேலையும் தெருவின் பயமும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. பள்ளிக்கூடத்தில் ஓடாவிட்டால் அவள் வேறெங்கும் ஓடப்போவதில்லை.

எதிர்ப்பக்கச் சான்றுகளும் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் வாரத்துக்கு மூன்றாக இருந்த உடற்கல்விப் பாடவேளைகளை ஐந்தாக்கி, நாள்தோறும் நடத்திப் பார்த்தார்கள். முதல் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 500 பேர், ஒரு கல்வியாண்டு. உடல் கொழுப்பு குறைந்தது, ஓட்டத் திறன் கூடியது. வாரத்தில் என்றோ ஒருநாள் என்றில்லாமல் நாள்தோறும் அசைந்ததால் வந்த மாற்றம் அது. இரண்டு கட்டங்களைத் திருப்பித் தருவது ஆரம்பம்தான் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

“மதிப்பெண் குறைந்தால் யார் பதில் சொல்வது?” நீங்கள் கேட்கப்போவது இதுதான் என்று எனக்குத் தெரியும். தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில் மாவட்ட அதிகாரியின் முன் நிற்பவர் நீங்கள்தான், நான் அல்ல. அந்த அழுத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அதனால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், த்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970-ல் தொடங்கிய ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 546 பேர். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி. அதற்காக மற்றப் பாடங்களின் நேரத்தில் 13 முதல் 14 விழுக்காடு வரை வெட்டினார்கள். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் அந்தப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் கொஞ்சம் பின்தங்கினார்கள். அடுத்த ஆண்டுகளில் மற்றவர்களை முந்தினார்கள். பாட நேரம் குறைந்தும் மதிப்பெண் குறையவில்லை. 2010-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இத்தகைய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பாதியளவு முடிவுகள் நன்மை என்றன. மற்றவற்றில் பெரும்பாலும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தீமை என்று காட்டியவை மிகச் சில.

ஆய்வுகளை விடுங்கள். எட்டாவது பாடவேளையில், மின்விசிறி சுற்றாத அறையில், காலை முதல் உட்கார்ந்தே இருக்கும் ஐம்பது பிள்ளைகளுக்கு நடத்தப்படும் அந்தக் கடன் வாங்கிய இயற்கணிதம் எத்தனை பேருக்குள் இறங்குகிறது? நடத்துகிறவருக்கே தெரியும்.

நமக்கு ஒரு நல்ல வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஓராண்டு பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்த எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மிதிவண்டி கொடுக்கும் வகுப்பும் அதுதான். விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைப் பலரும் போக்குவரத்து உதவியாக மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மாநிலத்தின் மிகப் பெரிய உடற்பயிற்சித் திட்டம் அதுதான். மிதித்து வந்த பெண்பிள்ளைகளின் கால் வலுவை மைதானத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் என்று சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில் ஆண்பிள்ளைகளை முந்திக்கொண்டு ஓடிய பெண், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாள். நாங்கள் அதைச் ‘சோம்பல்’ என்று எழுதிவிட்டோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் வயிற்று வலி என்பாள். மாதம் முழுவதும் வயிற்று வலி. ஒருநாள் கோபப்பட்டுக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சீருடை. விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விளையாடி வியர்த்தால் இரவில் துவைத்து, காலைக்குள் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தால் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு வயிற்று வலியே இல்லை. அதன்பின் உடற்கல்வி நாளில் பழைய பேண்ட்டும் சட்டையும் போட்டு வரலாம் என்று அந்த வகுப்புக்கு அனுமதி வாங்கினேன். அன்றைய தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தையில் சரி என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பல ஆண்டுகள் காத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, முன்பே கேட்டிருக்கலாமே என்று.

துப்பட்டா நழுவுமோ என்ற கவலை, சாலையில் போகிறவர்கள் மதிலுக்கு மேல் பார்க்கும் பார்வை, கறை படிந்துவிடுமோ என்ற பயம், கழுவிக்கொள்ளத் தண்ணீர் வராத கழிப்பறை, “வெயிலில் நின்று கறுத்துவிடாதே” என்று வீட்டில் சொல்லி அனுப்பும் வார்த்தை. இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணை மரத்தடியில் உட்கார வைக்கின்றன. இவற்றில் பாதியை நீங்கள் ஒரு வாரத்தில் சரிசெய்ய முடியும். மைதானத்தின் உள்பக்க மூலை ஒன்றைப் பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். எறிபந்தும் வளையப்பந்தும் அதிக இடம் கேட்பதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வரட்டும். உடற்கல்வி நாளில் உடையைத் தளர்த்துங்கள். மீதியை அந்தப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள். ஓடுவதில் உள்ள மகிழ்ச்சியை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுப்பாடம் எழுதாதவனை “மைதானத்தை ஐந்து சுற்று ஓடிவிட்டு வா” என்று அனுப்புவது. தாமதமாக வந்தவனுக்குத் தோப்புக்கரணம். குறும்பு செய்த வகுப்புக்கு “இன்று பி.டி. கிடையாது.” ஓடுவதைத் தண்டனையாகவும் விளையாட்டைப் பறிப்பதைத் தண்டனையாகவும் ஒரே பள்ளியில், சில நேரம் ஒரே நாளில் செய்கிறோம். ஓட்டம் என்றால் அவமானம் என்று பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை நாற்பது வயதில் மருத்துவர் நடக்கச் சொல்லும்போது நடக்குமா? ஓடச் சொல்லித் தண்டிக்கக்கூடாது, விளையாட்டைப் பறித்துத் தண்டிக்கக்கூடாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை ஆசிரியர் அறைக்கு அனுப்புங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஆசிரியர் பற்றாக்குறையைச் சொல்வீர்கள். உண்மைதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லை. ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு கற்றுக்கொள்ளும் வயது அதுதான், அங்கே ஆளே இல்லை. 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள், வாரத்தில் மூன்று அரை நாட்களுக்கு, மாதம் 5,000 ரூபாய்க்கு. அவர்கள் நிரந்தரப் பணி கேட்டு இன்றுவரை தெருவில் நின்று போராடுகிறார்கள். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி அது. இந்த நாட்டுக்கே உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கிய ஊரில் இதுதான் நிலைமை. பணியிடங்களை உருவாக்குவது அரசின் கடமை, அதை அரசிடம் நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்களே.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியர், உங்களைப் போல ஒருவர், 2012-ல் தொடங்கியது. தன் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடினாலே களைத்துப் போவதைக் கண்டு, நாள்தோறும் 15 நிமிடம் வகுப்பு ஆசிரியரோடு வெளியே போய் ஓடவோ நடக்கவோ வைத்தார். சீருடை மாற்ற வேண்டாம், பந்து வேண்டாம், போட்டி இல்லை, முதலிடம் கடைசியிடம் இல்லை. அவரவர் வேகம். பின்னர் அந்தப் பகுதியில் இதைத் தொடங்கிய ஒரு பள்ளியை, தொடங்காத இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஓடிய பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டத் திறன் கூடியிருந்தது, தோலடிக் கொழுப்பு குறைந்திருந்தது. இரண்டே பள்ளிகளின் ஒப்பீடு என்பதால் அதைப் பெரிய தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு தலைமை ஆசிரியர் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தொடங்கினார் என்பதுதான் என் மனதைத் தொட்டது.

நம் வெயில் ஸ்காட்லாந்து வெயில் அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் மார்ச்சிலும் காலை வழிபாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழை நாளில் தாழ்வாரத்தில் நடக்கலாம். காலணி இல்லாத பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஓடும் பாதையில் கல்லும் முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கப்பட்டிருக்க வேண்டும், அதை முதல் நாள் ஆசிரியர்களே செய்யட்டும். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளின் பட்டியல் வகுப்பு ஆசிரியர் கையில் இருக்கட்டும், அவர்கள் நடக்கட்டும். சாப்பிடாமல் வரும் பிள்ளையை ஓடவிடாதீர்கள். முன்பெல்லாம் வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே என் காலை வேலை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை அந்தக் கவலையைப் போக்கியிருக்கிறது. மேல் வகுப்புகளில் பசியோடு வருகிறவர்கள் யார் என்று உங்கள் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். மெதுவாக நடக்க வைத்தாலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், எல்லாப் பிள்ளைகளின் 600 மீட்டர் நேரத்தையும் எழுதி வையுங்கள். அதைச் சுவரில் ஒட்டாதீர்கள். எடையை எல்லோர் முன்னும் சத்தமாகப் படிக்காதீர்கள், அது எத்தனை பெண்பிள்ளைகளை மைதானத்திலிருந்து விரட்டியது என்று நான் அறிவேன். தன் பழைய நேரத்தைவிட ஐந்து விநாடி குறைந்தது என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகம் எப்படி மாறும் என்று பாருங்கள்.

மைதானத்தையும் காப்பாற்றுங்கள். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று அட்டவணையிலேயே எழுதியது. ஆனாலும் புதிய கட்டிடம் வந்தால் திடலின் ஓரம் போகிறது, ஆசிரியர்களின் கார்கள் வந்தால் நிழலுள்ள பக்கம் போகிறது. திடலே இல்லாமல் மொட்டை மாடியைக் காட்டி நடக்கும் தனியார் பள்ளிகளின் முதல்வர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பெற்றோரிடம் கட்டணம் வாங்கும்போது நீங்கள் காட்டும் வண்ணப் புத்தகத்தில் ஓடும் பிள்ளைகளின் படம்தானே அட்டையில் இருக்கிறது.

வரும் ஜூனில் கால அட்டவணை போட உட்காரும்போது மூன்றைச் செய்யுங்கள். உடற்கல்விக் கட்டங்களை எட்டாவது பாடவேளையிலிருந்து காலைக்கு நகர்த்துங்கள். யார் கேட்டாலும் அவற்றைக் கடன் கொடுப்பதில்லை என்று முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நாள்தோறும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புதிய வரி எழுதுங்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியரை அழைத்து, கோப்பைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன், இந்த வாரம் மரத்தடியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

என்னிடம் இன்னும் அந்தப் பழைய ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. விசிலும் இருக்கிறது. என் ஊரைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளி அழைத்தாலும் சம்பளமின்றி வருகிறேன். ஓடுதளம் போட்டுத் தருகிறேன், முதல் வாரம் பிள்ளைகளோடு நானும் நடக்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள், வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்